நாற்பத்தோராம் இலக்கப் பை

பேக்கரியில் பாண் வாங்கினால் போட்டுத் தருவார்களே, அந்த மாதிரி ஒரு பழுப்புக் கடதாசிப் பை. மச்சாள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் உள்ளே எட்டிப் பார்த்தார். மற்றவர்கள் முதல் நாளில் செய்வது போல மூக்கைப் பொத்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. கையுறை போட்ட இரண்டு விரலால் ஒரு மான் புழுக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஒழுங்காத் தின்னேல்லைப் பிள்ளை" என்றார். எங்கள் ஆய்வுகூடத்தில் அவர் பேசிய முதல் வசனம் அதுதான். வேலைக்கு வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. நானோ அதே விடயத்தைச் சொல்வதற்கு ஒரு பெரிய மெஷினும், அதை ஓட்டுவதற்கு டெனிஷில் இரவு பகலாகப் படித்த படிப்பும் தேவைப்பட்டவள். எனக்குக் கொஞ்சம் பற்றிக்கொண்டு வந்தது என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்லலாம்.

மச்சாள் என் அண்ணையின் மனைவி. அண்ணை டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் டவுன் பஸ் ஓட்டினார். நான் அங்கிருந்து முக்கால் மணி நேரம் தள்ளி, காட்டு விலங்குகளை ஆராயும் ஒரு நிலையத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருந்தேன். கிறீன்லாந்தின் மேற்குக் கரையில் மேயும் துருவமான்கள் என்ன சாப்பிடுகின்றன என்று கண்டுபிடிப்பது எங்கள் பகுதியின் வேலை. நத்தார் வாழ்த்து மட்டையில் கிறிஸ்மஸ் தாத்தாவின் வண்டி இழுக்கிற அதே சாதி மான்தான், ஆனால் இவை ஒருவருக்கும் அடங்காத காட்டு மான்கள். மானைக் கொல்லாமல் அதன் சாப்பாட்டை அறிய வேண்டுமென்றால் அது கழித்துவிட்டுப் போனதைப் பொறுக்க வேண்டும். பொறுக்கி, உலர்த்தி, மாவாக அரைத்து, அதில் நைதரசன் எவ்வளவு என்று அளப்போம். கூட இருந்தால் நல்ல தீன் தின்ற மான். குறைவாக இருந்தால் கற்பாசியும் காய்ந்த குச்சியும் தின்று காலம் தள்ளிய மான். இதை ஊரில் இருக்கிற சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு இருக்கிறதே! "பிள்ளை டென்மார்க்கில பெரிய ஆராய்ச்சி செய்யுது" என்று அம்மா எல்லோருக்கும் சொல்லுவார். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த ஆராய்ச்சியின் சொந்தக்காரரை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் "மான்காரர்" என்றுதான் சொல்லுவோம். நெடிய மெலிந்த டெனிஷ்காரர். வருடா வருடம் பனி உருகுவதற்கு முன்னால் கிறீன்லாந்துக்குப் போய், பனிமேல் வயிறு படப் படுத்துக்கொண்டு, தூரதரிசினிக்குள்ளால் ஒவ்வொரு மானாகப் பார்த்துக் கிடப்பார். மான் வாலைத் தூக்கினால் போதும், அவருக்குப் பெருநாள். அது அப்பால் போனதும் எழும்பி ஓடிப்போய்ப் புழுக்கையைப் பொறுக்கிப் பையில் போடுவார். எந்த மான், பெண்ணா ஆணா, கொம்பு எப்படி, கூட்டத்தின் நடுவில் நின்றதா ஓரத்தில் நின்றதா என்று பென்சிலால் குறிப்பெழுதுவார். இருபது வருடம் சாணத்தோடு சீவித்ததில் தன் மூக்கு செத்துப்போய்விட்டது என்று அவரே பகிடியாகச் சொல்லுவார். அது பகிடி இல்லை, உண்மை. இந்த விபரம் பிறகு தேவைப்படும்.

மற்ற ஆராய்ச்சியாளர்கள் ஒரு பள்ளத்தாக்கில் பொறுக்கிய எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, இந்த மந்தை சராசரியாக இப்படித்தான் தின்கிறது என்று எழுதிவிடுவார்கள். மான்காரருக்கு அது பிடிக்காது. "சராசரி மான் என்று ஒரு மானை நான் எந்த மலையிலும் கண்டதில்லை" என்பார். ஒரே பள்ளத்தாக்கு, ஒரே பனி, ஒரே நாள். அப்படியிருந்தும் ஒரு மான் நன்றாகத் தின்கிறது, பக்கத்தில் நிற்கிற மான் மோசமாகத் தின்கிறது. ஏன்? இந்த ஒரு "ஏன்"தான் அவருடைய சீவியம். அதனால் எங்களுக்கு வேலை பத்து மடங்கு. ஒரு மானுக்கு ஒரு பை, ஒரு பைக்கு ஒரு இலக்கம், எதுவும் எதோடும் கலக்கக் கூடாது.

மச்சாள் அங்கே வந்தது அந்த இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில். பதின்மூன்று வருடம் வேலை செய்த கோழித் தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்துவிட்டது. வேலையில்லாதவரைச் சும்மா இருக்கக் கொமூன என்கிற நகரசபை விடாது, எங்கேயாவது பயிற்சிக்கு அனுப்பும். எங்களுக்கும் பைகளை அடுக்கவும் உலர்த்தவும் கை தேவைப்பட்டது. நான் மான்காரரிடம் சொல்லி ஒழுங்கு செய்தேன். மச்சாளின் டெனிஷ் எலும்பில்லாத டெனிஷ், இலக்கணம் எதுவும் அதை நிமிர்த்தி வைக்காது. ஆனால் பயமே இல்லாமல் கதைப்பார். மான்காரர் தன்னுடைய "ஏன்" என்ற கேள்வியை விளங்கப்படுத்தியபோது, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போலச் சிரித்தார். "ஒரு தாய் வயித்தில பிறந்த ஐஞ்சு பேர் நாங்கள். ஒரு பானைச் சோறு. நான் எது தந்தாலும் தின்னுவன். என்ர தம்பி எதைத் தந்தாலும் குறை சொல்லுவான்" என்றார். அதோடு விடாமல், பரிமாறுகிறவன் நம்மவன் என்றால் பந்தியில் கடைசியில் இருந்தால் என்ன என்ற பழமொழியையும் அவருடைய டெனிஷில் எடுத்துவிட்டார். மான்காரர் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அந்தத் தம்பியைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும். கிளிநொச்சிப் பக்கம் மிருக வைத்தியருக்கு உதவியாளராக இருந்தவர். வீட்டின் கடைக்குட்டி. சாப்பாட்டில் அவரைப் போலக் குறை கண்டுபிடிக்கிற ஒரு மனிதன் பிறந்ததில்லை என்று மச்சாள் சொல்லுவார். சோறு குழைந்துவிட்டது, மீனில் முள், சொதியில் தேசிக்காய்ப் புளி கூடிவிட்டது, புட்டு வறட்டி. ஒரு நாள் எல்லாம் சரியாக அமைந்துவிட்டதாம். சாப்பாட்டுக் கோப்பை சூடாக இருக்கிறது என்றாராம். மச்சாளின் வேப்பம்பூ வடகம் மட்டும் இருந்தால் குறை சொல்லிக்கொண்டே மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிடுவாராம்.

அந்த ஆண்டு வைகாசியில் யுத்தம் முடிந்தது. முடிவதற்கு முந்திய மாதங்களில் நாங்கள் எல்லோரும் பதாகையைத் தூக்கிக்கொண்டு கொப்பன்ஹேகனில் குளிருக்குள் நின்றோம். அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்தும் பிரெடெரிசியாவில் இருந்தும் வந்தவர்கள், முன்பின் தெரியாதவர்கள், ஒருவரையொருவர் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி "உங்கட ஆக்கள்?" என்பதுதான். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே பயமாகிவிட்டது. மச்சாளின் தம்பி உயிரோடு முகாமில் இருக்கிறார் என்று ஆனியில் தகவல் வந்தது. அவர் யார் யாரை இழந்து தனியாக வந்து சேர்ந்தார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஐப்பசியில் முகாமிலிருந்து விட்டார்கள். வவுனியாவில் ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் இருந்தார்.

மச்சாள் ஒவ்வொரு ஞாயிறும் டெலிபோன் எடுப்பார். நானும் சில நாள் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

"சாப்பிட்டனியோ தம்பி?"

"ஓம்."

"என்ன கறி?"

"தெரியாது."

அவ்வளவுதான். மச்சாள் டெலிபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "என்ன கறி எண்டு தெரியாதாம் பிள்ளை. என்ர தம்பிக்கு என்ன கறி எண்டு தெரியாதாம்!" அந்த வீட்டு அம்மாவும் அதைத்தான் சொன்னார். வைத்தால் நாலு வாய் தின்கிறாராம், வைக்காவிட்டால் கேட்கிறாரில்லையாம், ஆள் எலும்பும் தோலுமாம். "ஒரு கரைச்சலும் தாறேல்லை, தங்கமான பிள்ளை" என்று அவர் மெச்சினதைக் கேட்டுத்தான் மச்சாள் ஆகப் பயந்துபோனார். கரைச்சல் கொடுக்காத தம்பியை அவருக்குத் தெரியாது. அவனை எப்படியாவது ஒழுங்காகச் சாப்பிட வைக்க வேண்டும், ஒரு குறை சொல்ல வைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தக் குளிர்காலம் முழுக்க மச்சாளுக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை. வேலையில்லாமல் போனதைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு கவலைப்படவில்லை.

அப்போதுதான் வடகம் அனுப்புகிற யோசனை வந்தது. தேவாலயத்தில் எங்கள் சபையில் பாட்டுப் படிக்கிற ஒரு அன்ரி கார்த்திகைக் கடைசியில் கொழும்புக்குப் போவதாக இருந்தார். அவருடைய சூட்கேசில் நாலு பை வடகம். யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்கு வடகம் வருவதுதான் உலக வழக்கம். டென்மார்க்கில் செய்து வவுனியாவுக்கு அனுப்பிய ஒரே மனிசி எங்கள் மச்சாளாகத்தான் இருக்க வேண்டும். நான் சிரித்தேன். "அங்க வாங்கலாம்தானே மச்சாள்?" என்றேன். "வாங்கலாம். ஆனா அது என்ர வடகம் இல்லையே" என்றார். அதற்கு மேல் என்ன கதைப்பது?

தமிழ்க் கடையில் காய்ந்த வேப்பம்பூ கிடைத்தது. உளுந்து, வெங்காயம், செத்தல் மிளகாய் எல்லாம் வீட்டில் இருந்தது. இல்லாதது வெயில். டென்மார்க்கில் கார்த்திகை மாதத்துச் சூரியன் வேலைக்குப் பிந்தி வந்து முந்திப் போகிற ஆள், அதுவும் பாதி நாள் வராது. முதல் தடவை ஹீற்றரின் மேல் பரப்பி வைத்தார், பூஞ்சணம் பிடித்தது. இரண்டாம் தடவை வீட்டு ஓவன் அடுப்பில் வைத்தார், வெளியே கருகி உள்ளே ஈரமாக இருந்தது. அதோடு அண்ணையின் யூனிபோம் முழுக்க வெங்காய மணம் ஏறி, பஸ்ஸில் ஒரு டெனிஷ் கிழவி "இங்கே ஏதாவது சாப்பாடு விற்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டாராம். அண்ணை அன்று வீட்டில் நின்ற நிலையில் சட்டம் போட்டார். இனி இந்த வீட்டில் வடகம் காயக் கூடாது.

எங்கள் ஆய்வுகூடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு வெப்ப அலுமாரி இருந்தது. மான் புழுக்கைகளை அதற்குள் வைத்து, கருகாத இளஞ்சூட்டில், இரண்டு நாள் மெல்ல உலர்த்துவோம். மச்சாளின் கண் அதில் விழுந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். "எவ்வளவு வடிவான சூடு பிள்ளை. சித்திரை வெயில் மாதிரி" என்று கதவைத் திறந்து கையை நீட்டி ஒரு நாள் சொன்னார். நான் மடைச்சி, ஓம் என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வெளிக்கிட்டுப் போன பிறகு, மச்சாள் ஐந்து பை வடகத்தை அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறார். விரைவில் காய வேண்டும் என்று சுண்டைக்காய் அளவில் உருட்டியிருந்தார். வேப்பம்பூச் சேர்த்ததால் கறுப்பு. பையும் எங்களுடைய அதே பழுப்புப் பைதான். உலரும்போது பையின் வாய் திறந்திருக்க வேண்டும் என்பதால், இலக்கம் எழுதிய அட்டையைக் கழற்றிப் பைக்கு முன்னால் தட்டில் வைப்போம். தன் பைகளுக்கு இடம் பண்ணுவதற்காக மச்சாள் எங்கள் பைகளில் சிலதைத் தள்ளி அரக்கியிருக்கிறார், அட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. திங்கள் விடிய எனக்கு முன்னமே வந்து, அவசர அவசரமாக ஐந்து பைகளை எடுத்து, வாயை மடித்துக் கூடைக்குள் வைத்துவிட்டார்.

அந்த அறையில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். வெங்காயமும் மிளகாயும் காய்கிற மணம் என் சொந்த வீட்டு மணம், என் கோட்டின் மணம், என் தலைமயிரின் மணம். அது எனக்கு மணமாகவே பட்டிருக்காது. மான்காரருக்கோ மூக்கே இல்லை. நான் முகமூடியும் காதடைப்பானும் போட்டுக்கொண்டு, வரிசையாக ஒவ்வொரு பையையும் மெஷினில் கொட்டி அரைத்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றில் இரண்டு தரம் தும்மினேன். தடிமன் வரப்போகிறது என்று நினைத்து மத்தியானம் இஞ்சித் தேத்தண்ணி குடித்தேன்.

அடுத்த கிழமை புதன்கிழமை மெஷினிலிருந்து கணக்கு வந்தது. பனிக்காலக் கடைசியில் பொறுக்கியவை என்பதால் எல்லா மானும் தாழ்வாகத்தான் இருந்தன. கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி. நாற்பத்தொன்று மட்டும் வானத்தில் நின்றது. மான்காரர் கடதாசியைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடந்தார், இருந்தார், திரும்ப நடந்தார். அவருடைய குறிப்பில் நாற்பத்தொன்று ஒரு பெண் மான். இடக்கொம்பு முறிந்தது. கூட்டத்துக்கு வெளியே தனியாக நின்றது. "பார், பார்! மற்ற மான்கள் தள்ளி வைத்ததும் அவள் தனியாகப் போய் யாரும் அறியாத ஒரு இடத்தில் நல்ல தீனைக் கண்டுபிடித்திருக்கிறாள்" என்று பலகையில் மலை கீறி, வெயில் படுகிற பக்கத்தைக் கோடு போட்டுக் காட்டினார். அடுத்த நாள் கேக் கொண்டுவந்தார். டெனிஷ்காரருக்கு எதற்கும் கேக்தான். பிறந்தால் கேக், வென்றால் கேக். அவரவர் பிழை விட்டால் அதற்கும் அவர்களே கேக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்து மன்னிப்பு வாங்க வேண்டும். மச்சாள் இரண்டு துண்டு சாப்பிட்டார். "கெட்டிக்கார மான். தனிய நிண்டாலும் தின்னப் பழகியிட்டுது" என்று சொல்லிவிட்டு, "என்ர தம்பிக்கு அந்தப் புத்தி வந்தாக் காணும்" என்றார். சூட்கேஸ் அன்ரி அதற்கு முந்திய சனிக்கிழமையே பறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மான்காரர் நாற்பத்தொன்றை இன்னொரு தரம் அளந்து பார்க்கச் சொன்னார். மிச்ச மாவு இருந்த போத்தலைத் திறந்தேன். அன்று முகமூடி போட்டிருக்கவில்லை. நான் அந்த மூடியைத் திருகித் திறந்ததும், கடவுளே, எனக்கு வாயூறியது! கிறீன்லாந்து மானின் புழுக்கையை முகர்ந்து வாயூறிய ஒரே ஆய்வுகூட உதவியாளர் நானாகத்தான் இருப்பேன். ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். வைக்கவில்லை. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

மச்சாளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் அவர் முகம் வெளிறியது. வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர் மனக்கணக்கில் பைகளை எண்ணிக்கொண்டிருந்தார். தன்னுடைய ஒரு பை மெஷினுக்குள் போயிருக்கிறது என்றால், தான் எடுத்துப்போன ஐந்தில் ஒன்று யாருடையது?

"ஐயோ பிள்ளை!" என்றார். "தம்பிக்கு மான் புழுக்கையெல்லே அனுப்பிப்போட்டன்!"

ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. ஐந்தில் நாலைத்தான் அனுப்பியிருந்தார், ஒன்று வீட்டில் இருந்தது. பிழையான பை அதுவாக இருக்கக்கூடும். இரண்டு பேரும் பஸ் ஏறி ரண்டர்ஸ் போகும் வரையில் மச்சாள் வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பையைப் பிரித்தார். உள்ளே அருமையான வடகம், ஒரே நிறம், ஒரே அளவு. தன் கையால் செய்த நல்ல வடகத்தைப் பார்த்து ஒரு மனிசி அப்படி அழுததை நான் கண்டதில்லை. "ஒரு வாயும் தின்னாமல் கிடக்கிற பிள்ளை. ஆசையா அவிழ்ப்பான். பொரிக்கப்போறான் பிள்ளை, எண்ணெயில போட்டுப் பொரிக்கப்போறான்!" எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரித்திருந்தால் அண்ணையின் வீட்டுப் படியை அதற்குப் பிறகு மிதித்திருக்க முடியாது. வவுனியா வீட்டுக்கு டெலிபோன் எடுத்தோம். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

மான்காரரிடம் யார் சொல்வது என்பது அடுத்த பிரச்சினை. நான் சொல்கிறேன் என்றேன், பையைப் பார்க்காமல் கொட்டியது நான்தானே. மச்சாள் விடவில்லை. "வடகம் என்ர. நான்தான் சொல்லுவன்" என்றார். திங்கட்கிழமை ஒரு பெரிய தட்டு நிறையப் பொரித்த வடகத்தோடு வந்தார். பிழைக்குக் கேக் வைக்கிற வழக்கத்தை அவர் எப்போது படித்து வைத்தாரோ தெரியாது. தட்டை மான்காரரின் மேசையில், அந்த வானத்தில் நின்ற கணக்குக் கடதாசியின் மேலேயே வைத்துவிட்டு, "இது நாற்பத்தொன்று" என்றார் டெனிஷில்.

அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். மெல்ல மென்றார். மிச்சக் கதைக்கு மச்சாளின் டெனிஷ் போதவில்லை, அதை நான் சொல்லி முடித்தேன். பலகையில் அவர் கீறிய மலை இன்னும் அழியாமல் இருந்தது. அதைத் திரும்பிப் பார்த்தபோது அவர் முகம் வாடியது உண்மை. பிறகு இன்னொரு வடகத்தை எடுத்தார். "என்ன போட்டிருக்கிறாய்?" என்று கேட்டார். உளுந்து என்றேன். "நைதரசன் கூடத்தான்" என்றார். அடுத்து அவர் கேட்டது, "அப்படியென்றால் என் உண்மையான நாற்பத்தொன்று இப்போது எங்கே?" மச்சாள் நிமிர்ந்து நின்று, "வவுனியா" என்றார். மான்காரர் எழும்பிப் போய், பலகையில் மலையை அழித்துவிட்டு, நாற்பத்தொன்று என்று எழுதி, அதற்கு நேரே அந்தப் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதினார். அது காய்ந்த நிலையில் பத்திரமாக இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னார். அவருக்கு அது இன்னும் ஒரு மானின் சாப்பாடு.

மச்சாளின் வேலை போகவில்லை. பயிற்சி முடிய நிரந்தரமாக்கினார்கள், ஓய்வெடுக்கும் வரையில் அங்கேயே இருந்தார். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அந்த அலுமாரியின் கதவில் "உணவு வைக்கக் கூடாது" என்று டெனிஷில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. கீழே யாரோ சிவப்புப் பேனையால் ஒரு மிளகாய் கீறியிருக்கிறார்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் காரணம் கேட்டால் நான் இந்தக் கதையைச் சொல்லுவேன். கேக் வரைக்கும் சொல்லி, சிரிக்க வைத்து, விட்டுவிடுவேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஆய்வுகூடத்தில் மான்காரரைத் தவிர வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை.

அன்று நான் அண்ணை வீட்டில் இருந்தேன். கிழமை முழுக்க வவுனியா நம்பர் கிடைக்கவில்லை. பின்னேரம் மச்சாளின் போனில் ஒரு மிஸ்ட் கோல் வந்தது. தம்பி. யுத்தம் முடிந்த பிறகு வந்த அந்த ஏழு மாதத்தில் அவராக எடுத்தது அதுதான் முதல் தடவை. மச்சாள் நம்பரை அடித்து, எங்களுக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார்.

"அக்கா, நாலாவது பையில என்ன அனுப்பினனி?"

மச்சாள் கண்ணை மூடிக்கொண்டார். "தம்பி, நீ அதைப் பொரிச்சனியோ?"

"பொரிக்கிறதோ? உனக்கென்ன விசரே? கையில எடுத்தவுடன தெரியும் புழுக்கை எண்டு. ஆடில்லை. மரையுமில்லை. மூண்டு நாளா யோசிச்சுப் பாக்கிறன், பிடிபடுதில்லை. என்ன மிருகம் அக்கா?"

மச்சாள் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், மானை, பனியை, மான்காரரை, அலுமாரியை, முறிந்த கொம்பை. அங்கிருந்து கேள்வி மேல் கேள்வி வந்தது. பனிக்குள் எப்படி மேயும்? காலால் கிண்டுமா? பெண்ணுக்கும் கொம்பு இருக்குமா? ஓமும் இல்லையுமாகக் கிடந்த குரல் அப்படிக் கேட்டுக்கொண்டே போவதை அண்ணை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் தண்ணியில ஊறவைச்சுப் பிரிச்சுப் பாத்தனான்" என்றார் தம்பி. "முழுக்கக் குச்சியும் பாசியும். நல்ல தீன் ஒண்டும் அதுக்குக் கிடைக்கேல்லை. ஒரு கொம்பு முறிஞ்சதெண்டா, அது கிண்டின குழியில மற்றதுகள் வந்து கலைச்சுப்போட்டுத் தின்னும். பாவம், மிச்சத்தைத்தான் திண்டிருக்கு." பிறகு, "அது இப்ப உயிரோட இருக்கோ அக்கா?" என்று கேட்டார்.

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், தெரியாது என்று. உண்மையில் யாருக்கும் தெரியாது.

"இருக்குது" என்றார் மச்சாள். "ஓம் தம்பி, இருக்குது. குட்டியும் போட்டிட்டுது."

தம்பி அதை நம்பினாரோ இல்லையோ, நான் கேட்டதில்லை. போன் கார்ட் முடியப்போகிறது என்று அண்ணை சைகை காட்டினார். மச்சாள் அதைக் கவனிக்கவே இல்லை.

"மற்ற மூண்டு பையும் முடிஞ்சுது" என்றார் தம்பி.

"என்னது?"

"வடகம். திண்டு முடிச்சிட்டன். அடுத்த முறை பாத்துச் செய். உப்புக் கூட."

மச்சாள் போனைக் கையால் பொத்தினார். "உப்புக் கூடவாம்" என்றார் என்னிடம், கண்ணால் தண்ணீர் ஓட. பிறகு வீடு முழுக்கக் கேட்கக் கத்தினார். "பிள்ளை, உப்புக் கூடவாம்! கேட்டனீரே, என்ர வடகத்தில உப்புக் கூடவாம்!"

எங்கள் வீட்டு நியாயவாதி அண்ணை குறுக்கே வந்தார். "நானும்தானே சாப்பிட்டனான். உப்புச் சரியாத்தானே இருந்தது?"

"நீங்கள் சும்மா இருங்கோ!" என்று மச்சாள் அவர்மேல் பாய்ந்தார். "உங்களுக்கு என்ன தெரியும்? உப்புக் கூடத்தான்! அவன் சொன்னா உப்புக் கூடத்தான்!"